கயிற்றுக்கு இந்தப் பக்கம்: ஜாகுவார் எக்ஸ்.கே. 120 பந்தயக் கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் முடிந்து வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நுங்கம்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாரிஸ் மைனர், ஆஸ்டின், லேண்ட்மாஸ்டர், பியட் 1100 என்று நிறையவே இருந்தன. ஆனால் கூட்டம் மொய்த்தது வேப்பமரத்தடியில் நின்ற ஒரு காரைத்தான். கரும்பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை, கதவில் வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் 17. காருக்குச் சொந்தக்காரர் என் நண்பனின் சித்தப்பா. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றார். இரண்டு நாளும் நின்றேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதுகிறேன். நெரிசலில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாகச் சொல்லியிருக்கிறேன்.

இது என்ன கார் சார்?

ஜாகுவார் எக்ஸ்.கே. 120. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் செய்தது. 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 1954 வரை தயாரித்தார்கள். நீங்கள் பார்த்தது 1951-ஆம் ஆண்டு வண்டி, வலப்பக்க ஸ்டீயரிங்.

கம்பெனியின் பழைய பெயர் எஸ்.எஸ். கார்ஸ். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் அந்த இரண்டு எழுத்தும் ஹிட்லரின் படையை ஞாபகப்படுத்தின. அதனால் 1945-இல் ஜாகுவார் என்று மாற்றிக்கொண்டார்கள். 2008 முதல் கம்பெனி டாடாவிடம் இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் புதிய ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காகவும் போட்ட ஆலை அது. இதைச் சொன்னதும் சோளிங்கரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "அப்போ இது எங்க ஊர்க் கார்னு சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு காரை இன்னொரு சுற்று சுற்றி வந்தார்.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். 1949-இல் இங்கிலாந்தின் மோட்டார் பத்திரிகை ஒன்று ஓட்டிப் பார்த்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கிடைத்தது. நம் ஊர் சிக்னல்களில் அதுவும் கிடைக்காது.

பெயரில் வரும் 120 எதைக் குறிக்கிறது?

மணிக்கு 120 மைல். நம் கணக்கில் 193 கிலோமீட்டர். காசு கொடுத்து யாரும் வாங்கக்கூடிய கார் அவ்வளவு வேகம் போகும் என்பதை அன்று பலர் நம்பவில்லை. 1949 மே மாதம் பெல்ஜியத்தில் ஜபெக் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள நெடுஞ்சாலையை அடைத்து, பத்திரிகைக்காரர்களை வரவழைத்து, ரான் சட்டன் என்ற ஜாகுவார் ஓட்டுநர் ஓட்டிக் காட்டினார். முன்கண்ணாடியைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் தகடால் மூடியபின் மணிக்கு 132.6 மைல், அதாவது 213 கிலோமீட்டர் வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1952 ஆகஸ்டில் நடந்தது. பாரிஸ் பக்கத்தில் மோன்லேரி என்ற வட்டப்பாதையில் ஏழு பகல், ஏழு இரவு ஒரு எக்ஸ்.கே. 120-ஐ ஓட்டினார்கள். அது கூரை வைத்த வகை. நான்கு ஓட்டுநர்கள் முறை வைத்து மாறிக்கொண்டார்கள். 27,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்தபோது சராசரி வேகம் மணிக்கு 100 மைலுக்குக் குறையவில்லை. ஒரு நிமிடம் வேகமாகப் போவது ஒரு திறமை. ஒரு வாரம் விடாமல் போவதற்கு இன்ஜினுக்கு வேறு விதமான நெஞ்சுரம் வேண்டும்.

உடம்பு முழுக்க அலுமினியமா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்.கே. 120-ஐப் பெரிய எண்ணிக்கையில் விற்க ஜாகுவார் முதலில் நினைக்கவே இல்லை. புதிய இன்ஜினை உலகத்துக்குக் காட்ட ஒரு வண்டி வேண்டும், இருநூறு செய்தால் போதும் என்று இருந்தார்கள். அதனால் ஆஷ் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டிப் போர்த்தினார்கள். கண்காட்சியில் கார் நின்றதும் ஆர்டர் குவிந்துவிட்டது. கையால் தட்டிக் கட்டுப்படியாகாது என்று 1950-இல் இரும்புத் தகட்டுக்கு மாறினார்கள். அலுமினிய உடம்போடு வந்தவை 242 கார்கள். மொத்தம் செய்தது 12,000-க்கு மேல்.

மாறிய பிறகும் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றையும் அலுமினியத்திலேயே விட்டார்கள். சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்திருந்தபோது சித்தப்பா ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் காட்டினார். கதவில் வைத்தார், வழுக்கிக் கீழே வந்தது. ஒரு சாண் தள்ளி மட்கார்டில் வைத்தார், 'டக்' என்று பிடித்துக்கொண்டது. கதவின் பச்சையும் மட்கார்டின் பச்சையும் கண்ணுக்கு ஒன்றுதான், உள்ளே உலோகம் வேறு. பத்து வயதுப் பையன் ஒருவன் மூன்று முறை செய்யச் சொன்னான். சித்தப்பா மூன்று முறையும் செய்தார்.

காரின் சொந்தக்காரர் அல்லாத யாரும் இதைச் செய்யக் கூடாது. துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலே பெயின்ட் போய்விடும்.

இன்ஜினில் அப்படி என்ன விசேஷம்?

இதன் கதை போர்க்காலத்தில் தொடங்குகிறது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கோவென்ட்ரியைக் குண்டு போட்டு எரித்தன. அந்தக் காலத்தில் ஆலைகளில் இரவு முழுக்க ஆட்கள் தீக்காவல் இருக்க வேண்டும். ஜாகுவாரின் முதலாளி வில்லியம் லயன்ஸ், தன் பொறியாளர்கள் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி மூவரையும் ஒரே இரவில் காவலுக்கு வரும்படி முறை அமைத்துக்கொண்டார். விடிய விடிய விழித்திருந்து அவர்கள் பேசியது, போர் முடிந்ததும் செய்ய வேண்டிய இன்ஜினைப் பற்றி. அதுதான் இது.

ஆறு சிலிண்டர், 3,442 சி.சி., 160 குதிரைத்திறன். சிலிண்டர் தலை அலுமினியம். வால்வுகளைத் திறந்து மூட மேலேயே இரண்டு கேம் ஷாப்ட். அன்றைக்கு இரட்டை கேம் ஷாப்ட் என்பது பந்தயக் கார்களிலும் மிக விலை உயர்ந்த சில வண்டிகளிலும் மட்டும் இருந்த சங்கதி. தினமும் ஆபீஸ் போகிறவன் காரிலும் அதை வைக்கலாம் என்று லயன்ஸ் நினைத்தார். 1992 வரை இந்த இன்ஜின் வம்சம் உற்பத்தியில் இருந்தது. இங்கிலாந்தில் சில தீயணைப்பு வண்டிகளுக்குள்ளும் போனது. தீக்காவலில் பேசப்பட்ட இன்ஜின் தீயணைக்கவும் போயிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கும்.

பானெட்டைத் திறந்ததும் பளபளவென்று நீளமாக இரண்டு மூடிகள் தெரிந்தனவே, கேம் ஷாப்டுகள் அவற்றுக்குக் கீழேதான் சுற்றுகின்றன. பக்கத்தில் குடம் போல நின்றவை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் பார்த்ததும் கண்டுகொண்டார்கள்.

இதை ரேஸ் கார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நம்பர் ஒட்டினால் ரேஸ் காரா?

நல்ல கேள்வி. கோடம்பாக்கத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருவர் கேட்டார். நம்பர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடையில் வாங்கிய காருக்கும் பந்தயத்தில் ஓடிய காருக்கும் உள்ள வேறுபாடு சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. இப்படிப் பாருங்கள்.

முன்கண்ணாடி இல்லை. அது இருந்த இடத்தில் திருகு ஓட்டைகளைப் பித்தளைத் தகடு வைத்து அடைத்திருக்கிறது. ஓட்டுநருக்கு நேராக மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி. அகலமான கண்ணாடி காற்றைத் தடுக்கும், அதனால் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கழற்றிவிடுவார்கள்.

பானெட்டுக்குக் குறுக்கே ஒரு தோல் பட்டை ஓடுகிறது. வேகத்தில் பானெட் திறந்துகொண்டால் ஓட்டுகிறவர் கதி அதோகதி என்பதால் இந்தக் கட்டு. பட்டையில் ஐந்து ஓட்டைகள். நான்காவது மட்டும் நீள்வட்டமாக இழுபட்டுக் கருத்திருக்கிறது. எத்தனை முறை, எவ்வளவு அவசரத்தில் அதை இழுத்து மாட்டியிருப்பார்கள் என்று அந்த ஓட்டையைப் பார்த்தாலே தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் சக்கரம். சாதாரண எக்ஸ்.கே. 120-க்குத் தகட்டுச் சக்கரம் வரும், பின்சக்கரத்தின் மேல்பாதியை ஒரு மூடி மறைக்கும். இந்தக் காரில் கம்பிச் சக்கரம். நடுவில் இரண்டு காது வைத்த ஒற்றை நட்டு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் அந்த மூடியைப் போட இடம் கிடையாது. நான்கைந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்காமல், அந்தக் காதில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். வலப்பக்கச் சக்கரங்களின் மரை இடப்பக்க மரைக்கு நேர் எதிராக வெட்டப்பட்டிருக்கும், ஓடும்போது நட்டு தானாகத் தளராமல் இருக்க. எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பதற்கு அதன் மேலேயே அம்புக்குறி போட்டிருக்கிறது. இந்தக் காரின் காதுகளில் குனிந்து பாருங்கள், ஒரு முனை மழுங்கித் தேய்ந்திருக்கும். எல்லாம் செப்புச் சுத்தியலின் வேலை.

உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு பெரிய மீட்டர். வேகம் காட்டும் முள் வழக்கம்போல் கடிகாரம் சுற்றும் திசையில் போகும். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் அதற்கு எதிர்த்திசையில் ஏறும். ஸ்டீயரிங்குக்குக் கீழே கம்பளம் தேய்ந்து, ஓட்டுநரின் வலது குதிகால் ஊன்றும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தகடு தெரிகிறது.

இந்த மாடலின் பந்தயப் பெருமைக்கு ஒரு உதாரணம் போதும். 1950 செப்டம்பர் 16, வட அயர்லாந்தில் டன்ட்ராட் சாலைப் பாதையில் டூரிஸ்ட் டிராபி பந்தயம். கொட்டும் மழை. டாமி விஸ்டம் என்ற பத்திரிகையாளரின் எக்ஸ்.கே. 120-ஐ இரவல் வாங்கி ஓட்டிய ஒரு இளைஞர் ஜெயித்தார். ஸ்டர்லிங் மாஸ். மறுநாள்தான் அவருக்கு 21 வயது முடிந்தது.

இந்தக் கார் சோழவரத்தில் ஓடியதா?

ஓடியது. கதவில் இருக்கும் 17 அங்கே வாங்கிய நம்பர்தான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் போருக்குப் பின் சும்மா கிடந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. நெடுநேராகக் கிடந்த அந்தக் கான்கிரீட் பரப்பு கார்களுக்கும் பைக்குகளுக்கும் பந்தயப் பாதையானது. பியட், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களை இங்கேயே பட்டறையில் இழைத்து, எடை குறைத்து, அதே வண்டியில் பந்தயம் ஓட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான பாதை திறந்த பிறகு சோழவரத்தின் பந்தயக் காலம் முடிந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த கார் பந்தயத்தைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தத்துக்குக் கொள்ளுத்தாத்தா சோழவரம்.

சித்தப்பாவின் அப்பா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட அதிகாரியிடமிருந்து இந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கினார். மூன்று வருடம் சோழவரத்தில் ஓட்டினார். காருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம் அப்போது எடுத்தது. படத்தில் கார் வலப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது, மூலையில் ஒரு பேரல், அதன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர், அவர்களில் ஒருவர் காதைப் பொத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எண்பது வயது இருக்கக்கூடிய ஒருவர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "பாரிமுனையிலேர்ந்து பஸ் பிடிச்சு, கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போவோம்" என்றார். நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிரேக் எப்படி?

இதன் பலவீனமே அதுதான். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஓரிரு முறை ஓங்கி மிதித்தால் பிடிக்கும். திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூடேறி, மிதித்தாலும் வண்டி நிற்காது. 1950-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று எக்ஸ்.கே. 120 போயின. லெஸ்லி ஜான்சனும் பெர்ட் ஹாட்லியும் ஓட்டிய கார் முன்னணியை நெருங்கி வந்தது. பிரேக் போய்விட்டதால் கியரைக் குறைத்துக் குறைத்து வேகத்தை அடக்கினார்கள். அந்தப் பாரம் தாங்காமல், முடிய கொஞ்ச நேரமே இருந்தபோது கிளட்ச் போய்விட்டது.

ஆனால் அந்தத் தோல்வி வீணாகவில்லை. இதே இன்ஜினை வைத்து லேசான உடம்போடு சி-டைப் என்ற காரைச் செய்து 1951-இல் லெ மானில் ஜெயித்தார்கள். 1953-இல் அதே சி-டைப்பில் டிஸ்க் பிரேக் பொருத்தி மறுபடியும் ஜெயித்தார்கள். டிஸ்க் பிரேக்கோடு லெ மானில் ஜெயித்த முதல் கார் அது. இன்று உங்கள் காரிலும், ஏன், பல பைக்குகளிலும் முன்சக்கரத்தில் தெரிகிற வட்டத்தகடு அந்த வழியில் வந்தது.

ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறீர்கள்? புதிதாகப் பெயின்ட் அடித்தால் ஜம்மென்று இருக்குமே?

அக்கறையோடு கேட்டவர்கள்தான் அதிகம். ஆனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அடிக்கக் கூடாது.

இடது முன் மட்கார்டின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு நெளிவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோழவரத்தில் திருப்பத்தில் பேரலை உரசியது. எண்பதுகளில் ஒரு பட்டறையில் கார் கொஞ்ச நாள் இருந்தபோது அந்த இடத்தில் தடியாகப் பட்டி பூசி, மேலே வேறு பச்சையை அடித்துவிட்டார்கள். வீட்டில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பல வருடம் கழித்து புதுப்பேட்டையிலிருந்து வரும் மெக்கானிக் பாய் காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, இரும்பு மட்கார்டில் அந்த ஒரு இடத்தில் மட்டும் காந்தம் பிடிக்கவில்லை. அடியில் பட்டி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். அடியில் பழைய நெளிவும், அதன் ஓரத்தில் முதல் பெயின்ட்டும் அப்படியே இருந்தன. துருப் பிடிக்காமல் மெழுகு மட்டும் தடவி விட்டுவிட்டார்கள். சித்தப்பா அந்த நெளிவைத் தொட்டுக் காட்டி, "எங்கப்பா கையெழுத்து" என்றார்.

பெயின்ட்டை எந்த ஊரிலும் அடித்துக்கொள்ளலாம். அதே பச்சையைக் கம்ப்யூட்டரில் கலந்து தருவார்கள். அந்த நெளிவை யாராலும் செய்ய முடியாது. தேய்ந்த பட்டை, மழுங்கிய காது, குதிகால் பட்ட இடம் எல்லாமே அப்படித்தான். புதுப்பித்துப் பளபளவென்று நிற்கிற கார்களை நான் குறை சொல்லவில்லை. துருப்பிடித்துக் கரைந்துபோகும் நிலையில் கிடைத்த வண்டிக்கு வேறு வழி இல்லை. ஆனால் ஓடிய அடையாளத்தோடு ஒரு பந்தயக் கார் பிழைத்திருந்தால், அதை அப்படியே வைத்திருப்பதுதான் அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை.

இதை 'விண்டேஜ்' என்று சொல்லலாமா?

கறாராகப் பார்த்தால் 1919 முதல் 1930 வரை செய்த கார்களைத்தான் இங்கிலாந்தில் அப்படிச் சொல்வார்கள். 1951-ஆம் ஆண்டு வண்டி அந்தக் கணக்கில் வராது. நம் நாட்டுச் சட்டத்தின் கணக்கில் வரும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

ரோட்டில் ஓட்டலாமா?

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவு நடந்து 50 வருடத்துக்கு மேல் ஆன, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்காக ஓட்டலாம். தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

தொடலாமா? உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?

தொட வேண்டாம். வியர்வையில் உப்பு இருக்கிறது. இருக்கைத் தோலில் தையல் இற்றுப்போயிருப்பதால் யாரையும் உட்கார வைக்கவில்லை. தோள்பை, பெல்ட் பக்கிள், வளையல், செல்போன் நான்கும்தான் பெரிய ஆபத்து. குனியும்போது பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். கண் தெரியாத ஒருவர் மகளோடு வந்திருந்தார். அவருக்கு மட்டும் சித்தப்பா கயிற்றை அவிழ்த்து, கையைப் பிடித்து, முகப்பிலிருந்து டிக்கி வரை மட்கார்டின் வளைவைத் தடவிப் பார்க்க வைத்தார்.

போட்டோ எப்படி எடுத்தால் நன்றாக வரும்?

நின்ற உயரத்தில் எடுக்காதீர்கள். முழங்காலிட்டு, முன்சக்கர உயரத்துக்கு இறங்கிப் பக்கவாட்டில் எடுங்கள். மட்கார்டு எழும்பி, கதவில் இறங்கி, பின்சக்கரத்தில் மறுபடி எழும்புகிற கோடு அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். காலை எட்டு மணி வெளிச்சம் அருமை.

சென்னைக் காற்றில் இரும்பு தாங்குமா?

கவனிக்காமல் விட்டால் தாங்காது. கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். இந்தக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு: அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடுகிற இடங்களில் உப்பீரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். கதவுக் கீல், பானெட் ஓரம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். பாய் அங்கெல்லாம் மெல்லிய ரப்பர் வைத்திருக்கிறார்.

பிளாஸ்டிக் கவர் போடவே கூடாது. உள்ளே வியர்த்து, வெளியே நிற்பதைவிட மோசமாகிவிடும். பருத்தித் துணிதான் போர்த்துகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வெளியே வராது. வாரம் ஒரு முறை இன்ஜினை ஓட்டி நன்றாகச் சூடேற்றுவார்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும், அவற்றை எல்லாம் மாற்றியாகிவிட்டது. சில உதிரிகள் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. புஷ், பின் மாதிரியான சாமான்களை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்குகிறார்கள்.

ஒரிஜினல்தான் என்று எப்படித் தெரியும்?

சேசிஸ் எண்ணை வைத்து, அதாவது காரின் அடிச்சட்டத்தில் இருக்கும் எண். கூரையில்லாத, வலப்பக்க ஸ்டீயரிங் வகைக்கு 66 என்று தொடங்கும். இடப்பக்க ஸ்டீயரிங் என்றால் 67. சேசிஸ், இன்ஜின், உடம்பு இவற்றின் எண்கள் ஆலையின் பழைய பேரேட்டில் ஒன்றாகப் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து இங்கிலாந்தில் ஜாகுவார் பாரம்பரிய அறக்கட்டளை சான்றிதழ் கொடுக்கிறது.

விலை என்ன?

வந்தபோது இங்கிலாந்தில் வரி நீங்கலாக 998 பவுண்டு. இன்றைய விலையைச் சித்தப்பா சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. விற்பதாக இல்லை.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்களா?

இரண்டு நாளும் மாலை ஐந்து மணிக்குச் செய்தார்கள், இனி வைக்கும்போதும் செய்வார்கள். சாவி போட்டுத் திருப்பியதும் கிளம்பாது. சாவி மின்சாரத்தைத் தரும். பெட்ரோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். பிறகு தனியாக இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் இருமலுக்கு ஒரு அடி பின்னால் நில்லுங்கள், குழந்தைகளின் காதைப் பொத்திவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் உறுமல் அடங்கி, ஆறு சிலிண்டரும் ஒரே சீராக, கனமான தையல் மெஷின் போல ஓடும். அப்போது சைலன்சர் பக்கம் நிற்காமல் பானெட் பக்கம் வந்து நின்று கேளுங்கள். கேம் ஷாப்ட் செயினின் மெல்லிய சீழ்க்கை அங்கேதான் கேட்கும்.

இதுபோல வேறு எங்கே பார்க்கலாம்?

சென்னையிலேயே வடபழனி ஏவி.எம். வளாகத்து அருங்காட்சியகத்தில் பழைய சினிமாக் கருவிகளோடு பழைய கார்களும் பைக்குகளும் இருக்கின்றன. கோயம்புத்தூர் போகிறவர்கள் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். காரின் வரலாற்றை முதலிலிருந்து வரிசையாகக் காட்டும் இடம். குளிர்காலத்தில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பழைய கார் ஊர்வலங்கள் போவதுண்டு. அப்படி ஒன்று கிளம்பும் நாளில் விடியற்காலையே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக நின்றால், இந்த வயதுக் கார்கள் ஓடிக்கொண்டே உங்களைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம்.